பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கோர்ட்டு

கோர்ட்டு என்றாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். போலீஸ்காரர் வாசலில் வந்து பையனின் பெயரைச் சொன்னால் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும். அமெரிக்காவில் மட்டும் தாய்மார்கள் வேறா என்ன?

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ரெட் ஹுக் என்று துறைமுகத்தை ஒட்டிய ஒரு பேட்டை இருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளிகளுக்காக 1930-களின் கடைசியில் அங்கே சர்க்கார் வீடுகள் கட்டினார்கள். பிறகு பெரிய இரும்புப் பெட்டிகளில் சரக்கு வரத் தொடங்கியது. கப்பல்கள் எதிர்க்கரைக்கு, நியூ ஜெர்ஸிக்குப் போய்விட்டன. வேலை போயிற்று, வீடுகள் நின்றன. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களும், ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தினரும். வேலையில்லாத வாலிபர்களைத் தேடி போதை மருந்து வியாபாரம் வந்து சேர்ந்தது.

1992 டிசம்பரில் ஒரு நாள், சண்டை போட்டுக்கொண்டு அழுதபடி பள்ளியை விட்டு ஓடிய ஒரு சிறுவனைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார் தலைமை ஆசிரியர் பாட்ரிக் டேலி. இரண்டு கோஷ்டிகளின் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே சிக்கி மாண்டார். சுட்டவர்களோ இருபது வயதுகூட நிரம்பாதவர்கள்.

அந்தத் துக்கத்திலிருந்து பிறந்ததுதான் ரெட் ஹுக் சமூக நீதி நிலையம். மூடிக் கிடந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பித்து, 2000-ல் திறந்தார்கள். நீதிபதியின் ஆசனம் உயரத்தில் இல்லை. எதிரே நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கைதியை வைக்கும் அறையில் இரும்புக் கம்பி கிடையாது, கனத்த கண்ணாடிதான். பல ஆண்டுகள் அங்கே நீதிபதியாக இருந்த அலெக்ஸ் கலாப்ரீஸ், கிரிமினல் வழக்கு, குடும்ப வழக்கு, வாடகை வீட்டு வழக்கு மூன்றையும் ஒருவராகவே கேட்டார். ஒரே வீட்டின் சங்கடங்கள் மூன்று கோர்ட்டுகளில் சிதறாமல் ஒரே காதில் விழுந்தன. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு!

கொஞ்சம் போதை மருந்து வைத்திருந்தான் என்று 19 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கோர்ட்டில் சில நாள் சிறையோடு காரியம் முடியும். ஆனால் குற்றவாளி என்ற பெயர் முடியாது. வேலை கேட்கப் போனால் அது முன்னால் போய் நிற்கும். சர்க்கார் வீட்டில் குடியிருந்தால் குடும்பத்துக்கே வீடு போகும் ஆபத்தும் உண்டு. ரெட் ஹுக்கில் நீதிபதி, "ஏன் இப்படி ஆயிற்று?" என்றும் விசாரிப்பார். சிகிச்சையோ, படிப்போ, தொழிற் பயிற்சியோ, ஊருக்கு உழைப்போ எது பொருந்தும் என்று பார்த்து அனுப்புவார். அதற்கான ஆட்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். பையன் அவ்வப்போது வந்து முகம் காட்ட வேண்டும். சொன்னதைச் செய்து முடித்தால் பல வழக்குகள் தள்ளுபடியாகிவிடும். செய்யாவிட்டால் சிறை உண்டு. எத்தனை நாள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

"செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்களே!" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, புரூக்ளினின் பெரிய கோர்ட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தது. சிறைத் தண்டனை பெற்றவர்கள் இங்கே 35 சதவீதம் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி பிடிபடுவது பெரியவர்களில் 10 சதவீதமும், சிறுவர்களில் 20 சதவீதமும் குறைந்திருந்தது. பத்துதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்தப் பத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை இருந்தால் அது நூறல்லவா?

குறை சொல்பவர்களும் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு நல்ல இடம் இருக்கிறதே என்று, சில்லறைத் தப்புக்கெல்லாம் கறுப்புப் பையன்களைப் போலீஸ் பிடித்துவரத் துணியுமே என்கிறார்கள். நியாயமான பயம்தான். எச்சரித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியவனைக் கோர்ட்டுக்கு இழுத்துவந்து உபகாரம் செய்வதில் அர்த்தமில்லை.

2013-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள். நவஹோ பழங்குடியினரின் வழக்கத்தைப் பின்பற்றி, பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள் இரு தரப்பாரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள். ஒரு பொருள் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். நம் வீட்டுக் கூடத்தில் இப்படி ஒன்று இருந்தால் தேவலை!

வழக்கு இருந்தால்தான் அந்தக் கட்டடத்துக்குள் போகலாம் என்பதும் இல்லை. அங்கே கிடைக்கும் உதவிகளில் பல, பேட்டையில் யாருக்கும் உண்டு. மகன் இரவில் நேரம் கழித்து வருகிறானே என்று கவலைப்படும் தாய், போலீஸ் கதவைத் தட்டும்வரை காத்திராமல் தானே போய்க் கேட்கலாம்.