தாயும் பந்தியில் அமரட்டும்



மேற்படிப்பின் பொருட்டுப் பிரான்சு நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில், அந்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் விருந்துண்ணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. காரமற்ற அவ்வுணவுக்கு நாவு பழகச் சில திங்கள் ஆயின. ஆயினும், உணவைக் காட்டிலும் அதனை உண்ணும் முறையே என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

நாம் சோறு, குழம்பு, கறி யாவற்றையும் ஒரே இலையில் வைத்து உண்கிறோம். அவர்களோ ஒன்றன்பின் ஒன்றாக உண்பர். முதலில் சூப் அல்லது காய்கறி, அடுத்து இறைச்சியோ மீனோ, பின்னர் பாலாடைக்கட்டி, இறுதியில் இனிப்போ பழமோ வரும். ஞாயிறு நண்பகல் விருந்து இரண்டு மணி நேரம் நீடிப்பது அங்கே வியப்பன்று. பாட்டனாரும் பேரக்குழந்தையும் ஒரே மேசையில் அமர்ந்து உரையாடி உண்பர். இவ்விருந்து முறையை 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அம்மேசையில் ரொட்டிக்குத் தனி மதிப்புண்டு. அதனைத் தட்டுக்கு அருகே விரிப்பின் மீதே வைத்து, கையால் பிட்டு உண்பர்; தலைகீழாக வைப்பது தகாது என்பர். பக்தியுள்ள பழங்குடும்பங்களில், ரொட்டியை அறுக்குமுன் அதன் அடிப்புறத்தில் கத்திமுனையால் சிலுவை அடையாளம் வரைவர். நண்பனைக் குறிக்கும் ‘கொப்பேன்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே, ரொட்டியைப் பகிர்ந்துண்பவன் என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்ததாகும்.

மூன்று இராசாக்கள் திருவிழாவன்று வட்டமான பணியாரம் ஒன்றினைப் பங்கிடுவர். வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் புகுந்துகொண்டு, எத்துண்டு எவருக்கென்று கூறும். உள்ளே மறைத்து வைத்த சிறு பொம்மை எவர் துண்டில் கிடைக்கின்றதோ, அவரே அன்று அரசர்! வாயிலுக்கு வரக்கூடிய ஏழைக்கென ஒரு துண்டை மிகுதியாக வெட்டி வைப்பது பழைய வழக்கம்.

நான் சிறப்பாகக் கூற விழைவது மற்றொன்று. உணவு மேசைக்கு வந்த பின்னும், வீட்டுத் தலைவி வந்தமர்ந்து உண்ணத் தொடங்கும்வரை எவரும் முள்கரண்டியைத் தொடுவதில்லை. சிறுவரும் இதனைக் கற்றே வளர்கின்றனர்.

நம் இல்லங்களிலோ, தாய் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதைக் குசினியின் மூலையில் தனியே உண்கிறாள். குழம்பில் மீன் தீர்ந்திருந்தாலும் அவள் சொல்வதில்லை. இதனைத் தாயன்பு என்று போற்றுகிறோம், அன்புதான், ஐயமில்லை. ஆனால் அவ்வன்பைப் பெறும் நாம் அவளுக்கு எதனைத் திருப்பி அளிக்கிறோம்? 2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகையுற்றிருந்தனர். அதற்குக் காரணங்கள் பல. எனினும், எஞ்சியதை உண்டு வாழும் வழக்கம் எவர் உடலுக்கும் நலம் பயவாது.

விழித்திருந்த பணியாளர்களைத் தலைவரே பந்தியில் அமரச் செய்து, இடையைக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பணிவிடை புரிவார் என்று நம் ஆண்டவர் உவமையாக உரைத்ததை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். நாள்தோறும் நமக்காக விழித்திருப்பவள் நம் இல்லத்திலேயே இருக்கிறாள் அன்றோ?

மேசையும் முள்கரண்டியும் நமக்கு வேண்டா, பாய் போதும். வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் நடுவில் வைத்து அனைவரும் சுற்றி அமருங்கள். தந்தையரே, அன்று நீங்கள் பரிமாறுங்கள். பிள்ளைகளே, அம்மா முதற்கவளத்தை உண்ணும்வரை காத்திருங்கள்.