கோசமா, செல்லா?

கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் வைத்துப் பாடம் நடத்துவதைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே புகழ் மழைதான். புகழ வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் வந்தது. 2005-ல் அப்துல் கலாம் திருவனந்தபுரத்துக்கு வந்து விக்டர்ஸ் சேனலைத் தொடங்கி வைத்தார். 2018-ல் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019-ல் அதற்குக் கீழே உள்ள வகுப்புகளுக்கும் லேப்.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். மெஷின் வாங்கிய கணக்கைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மெஷின் சரி, அதில் ஓடுகிற பாடம் யார் பாஷையில் இருக்கிறது?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையும் அதோடு நின்றது. பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் களியக்காவிளை, தமிழ்நாடு. கோடு இந்தப் பக்கம் விழுந்ததால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படித்தாலும் படிப்பது கேரளப் பாடத்திட்டம். புத்தகத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். வீடியோ என்று வரும்போதுதான் சிக்கல்.

தங்கை மகள் ஏழாம் வகுப்பு. போன மாதம் போனில் கேட்டாள்: "மாமா, டிவியில கோசம் கோசம்னு சொல்லுகாவ. புக்கில செல்லுன்னு கெடக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?" ஒன்றுதான் மக்களே என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால் இது ஒரு சொல்லோடு நிற்கிற விஷயமில்லை. நாம் ஒளிச்சேர்க்கை என்பதை அவர்கள் பிரகாச சம்ஸ்லேஷணம் என்கிறார்கள். எதிரொளிப்பு பிரதிபதனம், ஒளிவிலகல் அபவர்த்தனம், மூலக்கூறு தன்மாத்ர. வேடிக்கை என்னவென்றால், மலையாளத்தில் அணுவுக்கு ஆற்றம் என்று ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டார்கள், தமிழில் செல்லுக்கு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டோம் :-)

"எல்லைப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடாச்சே" என்பார்கள். சந்தையில் மீன் வாங்குகிற மலையாளம் வேறு, சம்ஸ்லேஷண மலையாளம் வேறு. அசல் மலையாளிப் பிள்ளையே அங்கே தடுக்கி விழும். அதுவும் ஆறு, ஏழு, எட்டில்தான் விஞ்ஞானத்தில் பெயர்கள் வரிசையாக வந்து குவிகின்றன. அதுவரை செடி, தண்ணீர், காற்று என்று வீட்டுச் சொற்களிலேயே ஓட்டிவிடலாம். அங்கே குழம்பினால் ஒன்பதாம் வகுப்பில் முடுக்கம் வரும்போது (அவர்களுக்கு த்வரணம்) பிள்ளை கையைத் தூக்கிவிடும்.

2020 ஜூன் 1-ல் கொரோனா காலத்து ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் ஆரம்பித்தபோது இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மலையாள வகுப்பு விக்டர்ஸ் டிவியில் வந்தது. தமிழ், கன்னட வகுப்புகள் பெரும்பாலும் யூடியூப் வழியாக. டிவி அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. யூடியூப் பார்க்க நல்ல போனும் வேண்டும், டேட்டாவும் வேண்டும். இரண்டும் இல்லாத கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வகுப்பு இருந்தும் இல்லாததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரை எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பயறு முளைப்பதை ப்ரொஜெக்டரில் காட்டுகிறார்கள். சிரட்டையில் மண் போட்டு நாலு பயறு விதைத்தால் மூன்றாம் நாள் முளைத்துவிட்டுப் போகிறது! கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் திரை. மூலக்கூறு எப்படி அலைகிறது, ஒயருக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது, பூமியின் நிழல் நிலா மேல் எப்படி விழுகிறது, இதெல்லாம்.

இதற்கு அருமையான சாதனம் ஏற்கெனவே இருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட். பேட்டரியையும் பல்பையும் மவுஸால் இழுத்துப் போட்டு சர்க்யூட் கட்டலாம். தப்பாகக் கட்டினால் திரையிலேயே தீப்பிடிக்கும், பள்ளிக்கூடத்துக்குச் சேதமில்லை. காசு கிடையாது, இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டும் தேவையில்லை. முக்கியமாக, அதில் வருகிற சொற்களை ஆசிரியர்களே தங்கள் மொழிக்கு மாற்றிக்கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2023-ல் மணற்கேணி செயலி வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை பாட வீடியோக்கள், தமிழிலும் உண்டு. பாட வரிசை கேரளத்தோடு ஒத்துப்போகாதுதான். ஆனாலும் ஒளிச்சேர்க்கை இரண்டு பக்கமும் ஒளிச்சேர்க்கைதானே? நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குப் போன தண்ணீர் 2004-ல் நின்றுபோனது. வீடியோவுக்கு அப்படி மதகு எதுவும் இல்லை.

கேரளத்தில் 2024-ல் ஏழாம் வகுப்புக்கும், 2025-ல் ஆறு, எட்டு வகுப்புகளுக்கும் புதுப் புத்தகங்கள் வந்துவிட்டன. அந்தப் பாடங்களுக்கான வீடியோக்களில் படம் அப்படியே இருக்கட்டும், தமிழ்க் குரல் மட்டும் சேர்த்தால் போதும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பாறசாலையிலும் தமிழில் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறை, ஒரு நல்ல மைக், பேசுகிறவர்களுக்கு மரியாதையான சம்பளம். இத்தனை லேப்டாப்புக்குப் பணம் கண்டுபிடித்த அரசாங்கத்துக்கு இந்தச் செலவு தனிப் பக்கம் போட்டு எழுதுகிற அளவுக்குக்கூட வராது.