பகைவனுக்கும் உரிய நீதி

ஒருவன் குற்றம் புரிந்து தண்டனையும் பெற்றுவிட்டான். அதன் பின்னர்ச் சட்டம் கடுமையாக மாறுகிறது. அக்கடுமை அவன்மீதும் பாயலாமா? பாயலாகாது என்கிறோம் நாம். அவன் யாராயினும் பாயலாகாது என்றும் சேர்த்தே சொல்கிறோம். முதற்கூற்றை நம்மவர் அனைவரும் ஏற்பர். இரண்டாவதில்தான் சிலருக்குத் தயக்கம்.

மது விலக்கப்பட்டபோது, அதற்கு முன்னர் மது அருந்தியவர்களாக மறைந்துவிட்ட தோழர்களின் நிலை என்னவாகும் என்ற கவலை ஸஹாபாக்களிடையே எழுந்தது. அவர்கள்மீது குற்றமில்லை என்ற தெளிவைத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் அளித்தது. தடை வருமுன் செய்ததற்குப் பிடியில்லை என்பது இதனின்று விளங்கும் நீதி. இந்திய அரசியல் சட்டத்தின் 20 ஆம் பிரிவும் குற்றம் நிகழ்ந்த நாளின் சட்டம் அனுமதித்ததினும் மிகுந்த தண்டனையைத் தடுக்கிறது.

1978 டிசம்பர் 18 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர், எவ்வளவு தண்டனைக் குறைப்பு ஈட்டியிருந்தாலும், 14 ஆண்டுகளை மெய்யாகவே சிறையில் கழித்தாக வேண்டும் என்றது அது. விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருந்த கைதிகள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மாரு ராம் வழக்கில், 1980 இல், நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அப்பிரிவு செல்லும் என்றது. ஆனால், அந்நாளுக்கு முன்பே விசாரணை நீதிமன்றம் தண்டித்துவிட்டவர்களை அது கட்டுப்படுத்தாது என்றும் வரையறுத்தது.

இந்த நியாயத்தைத்தான் 2022 இல் ஒரு கொடியவன் கையிலெடுத்தான். 2002 குஜராத் கலவரத்தில் சகோதரி பில்கிஸ் பானுவைச் சீரழித்து, அவருடைய மூன்று வயது மகள் உள்ளிட்ட குடும்பத்தாரைக் கொன்ற வழக்கில் 2008 இல் ஆயுள் தண்டனை பெற்றவர்களுள் ஒருவன் அவன். குஜராத்தின் 2014 ஆம் ஆண்டு விதி இத்தகையோரை முன்விடுதலையிலிருந்து விலக்கியது. அவனோ, தான் தண்டிக்கப்பட்ட நாளில் இருந்த 1992 ஆம் ஆண்டு விதிப்படியே தன் மனுவை ஆராய வேண்டும் என்றான். நீதிமன்றம் இசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று பதினொருவரும் விடுதலையாயினர், மாலையிட்டு வரவேற்கவும்பட்டனர்.

நம் நெஞ்சு எரிந்தது. எரியாதிருந்தால் நாம் மனிதரல்லர். ஆயினும், அந்த எரிச்சலில் "பழைய விதியைக் கோரும் உரிமையே அநீதி" என்று நம்மவர் சிலர் முழங்குவதை நாம் மறுக்கிறோம். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்துச் செய்தது எதனால்? தண்டனை விதிக்கப்பட்டது மகாராஷ்டிரத்தில். ஆகவே முடிவெடுக்கும் அதிகாரம் அம்மாநில அரசுக்கே உரியது. குஜராத் அரசு தனக்கில்லாத அதிகாரத்தைக் கையாண்டது. முந்தைய ஆணையும் உண்மைகளை மறைத்துப் பெறப்பட்டது. அநீதி இங்கேதான் இருந்தது. உரிமை கோரி மனுச் செய்வது வேறு. அம்மனுவுக்கு அரசு ஓடோடி இணங்குவது வேறு. மனுவை ஆராய்வதென்றால் விடுதலை செய்தே தீரவேண்டும் என்பது பொருளன்று.

சினத்தில் அந்த உரிமையையே வெட்டி எறிந்தால் இழப்பு யாருக்கு? தமிழகச் சிறைகளில் இருபது ஆண்டுகளைக் கடந்தும் முன்விடுதலை கோரிவந்த முஸ்லிம் ஆயுள் கைதிகளின் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். ஆட்சிக்கு ஆட்சி மாறும் அரசாணைகளை எண்ணி நடுங்கும் அவர்களுக்கு அந்நியாயமன்றி வேறு ஊன்றுகோல் ஏது? பகைவனுக்கு மறுக்கப்படும் உரிமை நாளை நம் பிள்ளைக்கும் மறுக்கப்படும்.

ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்ய வேண்டாம் என்று எச்சரிப்பதும் அதே அல்மாயிதா அத்தியாயந்தான். நண்பனிடம் நீதி செலுத்த இறைக்கட்டளை தேவையில்லை, அன்பே போதும். வெறுப்புக்குரியவனிடமும் நீதி வழுவாதிருக்கவே அக்கட்டளை வந்தது. அதனை நமக்கு வசதியான இடத்தில் மட்டும் ஓதுவோமாயின், ஓதுகிறோமேயன்றி ஏற்கவில்லை.