இலவச வைத்தியத்துக்கு எவ்வளவு முடியுது?

இலங்கையில் வைத்தியம் இலவசம். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் தேர்தல் மேடையிலும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அதில் பொய் இல்லை. 1950களின் தொடக்கத்திலேயே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பிள்ளைப்பேறு, தடுப்பூசி, பெரிய பெரிய ஒப்பரேஷன் எல்லாம் காசு இல்லாமல் நடக்கிற நாடு இது. அதை யாராவது குறைத்துப் பேசினால் நாங்களே சண்டைக்குப் போவோம்.

ஆனால் இங்கே நாங்கள் கேட்க வருவது வேறொரு கேள்வி. அந்த இலவச வைத்தியத்தைப் போய் எடுத்துக்கொண்டு வர எவ்வளவு முடியுது?

முதலில் விலைவாசிக் கதை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. மருந்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. அதனால் டொலர் ஏறினால் குளிசையும் ஏறும். அந்த வருட செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. சாப்பாட்டுச் சாமான்களுக்கு அது 90 வீதத்தையும் தாண்டியது.

பிறகு 2023இல் “பணவீக்கம் குறைந்துவிட்டது” என்று செய்தி வந்தது. உண்மைதான். ஆனால் பணவீக்கம் குறைந்தால் சாமான் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. விலை ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ஏறினது ஏறின இடத்திலேயே நிற்குது. அதுக்கு மேல் 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. சனத்தின் கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. நெருக்கடி முடிந்துவிட்டது என்று சொல்லுகிறவர்களுக்கும், கடையில் சாமான் வாங்குகிறவர்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்ப கிளினிக்குக்கு வருவோம். முல்லைத்தீவின் உள்ளூர்க் கிராமம் ஒன்றில் இருக்கிற ஒரு கூலித் தொழிலாளிக்கு யாழ்ப்பாணத்தில் இருதயக் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியமுன் எழும்பிப் பஸ் எடுக்க வேணும். முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சந்திக்கு வர ஓட்டோ வேணும். வயதுபோன ஆள் என்றால் கூட ஒருவர் வர வேணும். அப்ப ரெண்டு ரிக்கற், ரெண்டு சாப்பாடு, ரெண்டு பேரின் நாள் சம்பளம். வரிசையில் நின்று டொக்டரைப் பார்த்தால் கையில் ஒரு துண்டு வரும்: “இந்த மருந்து இங்க இல்லை, வெளியில வாங்குங்கோ.” இல்லாவிட்டால், “இந்த ரெஸ்ற்றை வெளியில செய்துகொண்டு வாங்கோ.” நெடுந்தீவு ஆக்களுக்கு இதோடு குறிகட்டுவானுக்கு வருகிற கடல் பயணமும் சேரும். கடல் சரியில்லாத நாளில் கிளினிக் திகதி தவறிப்போகும்.

ஆஸ்பத்திரி ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று நாள் அரிசி, பருப்புக் காசு போய்விட்டது. நாட்டில் சுகாதாரத்துக்குச் செலவாகிற மொத்தக் காசில் கிட்டத்தட்டப் பாதி சனத்தின் சொந்தச் சட்டைப் பையிலிருந்து போவதுதான். பஸ் காசும் இழந்த கூலியும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதே இல்லை.

இப்படியான நேரத்தில் சனம் எதை வெட்டும்? வலிக்காததை வெட்டும். பல்வலி என்றால் பொறுக்க ஏலாது, எங்கேயாவது கடன் வாங்கியாவது போவார்கள். ஆனால் பிரசர் வலிக்காது. சீனி வருத்தம் தொடக்கத்தில் வலிக்காது. ஒரு மாதக் குளிசையை ஒன்றரை மாதத்துக்கு இழுத்தால் அடுத்த நாள் ஒன்றும் நடக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, பாதியாய் முறித்துப் போடுவது, புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே வருத்தம் என்றால் ஒருவரின் மருந்தை இருவரும் பங்குபோடுவது எல்லாம் எங்கட ஊர்களில் ரகசியம் இல்லை. இந்த நாட்டில் ஐந்து சாவில் நாலு இப்படியான தொற்றா நோய்களால்தான் வருகிறது. இன்றைக்கு மிச்சம் பிடிக்கிற குளிசைக் காசு, சில வருடம் கழித்துப் பாரிசவாதமாகவும் சிறுநீரகம் பழுதாகியும் வட்டியோடு திரும்பி வரும். வாரத்துக்கு ரெண்டு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டி வந்தால், அந்த வீட்டில் வேலைக்குப் போக யார் மிஞ்சுவார்கள்?

சாப்பாடும் இதே கதைதான். “முட்டை, மீன், பழம் சேர்த்துக்கொள்ளுங்கோ, சோற்றைக் குறையுங்கோ” என்று டொக்டர் சொல்லுவார். விலை ஏறின பிறகு வீடுகளில் முதலில் குறைந்ததே முட்டையும் மீனும்தான். சோறுதான் வயிற்றை நிரப்புகிற மலிவான சாமான். 2022இல் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷவுக்கே தட்டுப்பாடு வந்தது. அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இனித்தான் பள்ளிக்கூடம் போவார்கள். பசியின் கணக்கு அங்கேதான் எழுதப்படும்.

எங்கட கம்பஸும் இதுக்கு வெளியில் இல்லை. பல வருடமாக 5,000 ரூபாவில் நின்ற மஹாபொல 2025இல் 7,500 ஆனது. அந்தக் கணக்கில் நாளைக்கு 250 ரூபா. அதில் மூன்று நேரச் சாப்பாட்டை வாங்கிப் பாருங்கள். காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் பதினொரு மணிக்கு ஒன்றாக முடிக்கிறவர்கள் ஒவ்வொரு பட்ச்சிலும் இருக்கிறார்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தாலும் கண்ணாடி மாற்றுவது அடுத்த செமஸ்ரருக்கு. காய்ச்சல் என்றால் பனடோல். இதுகளை நாங்கள் பகிடியாகக் கதைத்துக் கடந்துவிடுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு அதிகம் கேட்கிற சொல் “கவனயீனம்”. கிளினிக் கொப்பியில் திகதி தவறியிருந்தால் பேச்சு விழும். “படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் சனம் கேக்காது” என்று சொல்லுவார்கள். பேசுகிற டொக்டரும் நேர்ஸும் கெட்டவர்கள் இல்லை. கூட வேலை செய்தவர்கள் வெளிநாட்டுக்குப் போய்விட, ரெண்டு பேரின் வேலையை ஒருவர் செய்கிற ஆக்கள் அவர்கள். ஆனால் காசில்லாமையைக் குணக்கேடு என்று பெயர் மாற்றுவது அநியாயம். அப்படிப் பேச்சு வாங்கின ஆள் அடுத்த தரம் வரவே கூச்சப்படுவார். அதோடு ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

என்ன செய்யலாம்? புதுசாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 2020 கொரோனா ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கே அனுப்பினார்கள். அப்ப செய்ய முடிந்தது இப்ப ஏன் முடியாது? வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிற ஆளுக்கு ரெண்டு மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம். பெரியாஸ்பத்திரி எழுதுகிற மருந்தைக் கிராமத்துப் பிரதேச வைத்தியசாலையில் எடுக்க வழி செய்யலாம். கர்ப்பிணித் தாயைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருகிற ஏற்பாடு பல தசாப்தமாக இந்த நாட்டில் இருக்கு. உலகம் மெச்சுகிற எங்கட தாய்சேய் நலம் அந்த நடையால் வந்தது. தனியாக இருக்கிற பிரசர்காரக் கிழவியையும் யாராவது அப்படித் தேடிப் போகலாம். கம்பஸ் மருத்துவ நிலையத்தில் வருத்தத்துக்கு மருந்து கொடுக்கும்போதே, “சாப்பிட்டனீங்களா?” என்றும் கேட்கலாம்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியவை. மருந்துக்கும் முட்டைக்கும் பஸ்ஸுக்கும் வெவ்வேறு அமைச்சு இருக்கலாம், ஆனால் அது மூன்றும் போய்ச் சேருகிறது ஒரே உடம்பில்தான். அதைச் சொல்லிச் சொல்லிக் கேட்கிற வேலை எங்களுடையது.

அதுவரைக்கும் வீட்டுக்கு எடுக்கிற ஃபோனில், “கிளினிக்குக்குப் போனீங்களா?” என்றதோடு நிறுத்தாமல், “பஸ்ஸுக்குக் காசு இருந்ததா? துண்டில எழுதினதை வாங்கினீங்களா? குளிசை இன்னும் எத்தனை நாளுக்குக் கிடக்கு?” என்றும் கேட்போம். “எல்லாம் இருக்கு, நீ படி” என்றுதான் பதில் வரும். கொப்பியை எடுத்துத் திகதியை வாசிக்கச் சொல்லுங்கள்.