வயதைக் கேட்டார், பெயரைக் கேட்கவில்லை

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நைந்த சட்டைக் கையோடு ஒரு பெண், கன்னத்தில் விரல், தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரத்தியா லாங் எடுத்தது. வறுமைக்கே அடையாளம் என்று உலகம் கொண்டாடுகிறது. அந்த அம்மாவின் பெயர்? நாற்பது வருஷத்துக்கு மேல் வெளியே தெரியாது!

1978-ல்தான் தெரிந்தது: ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண். 1931-ல் கணவரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பருத்தி எடுத்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். படத்தில் இருப்பது சோர்வு மட்டும்தான்; இந்த உழைப்பு அதில் எங்கே?

லாங் பிற்பாடு எழுதும்போது, கார் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று எழுதினார். மகன் மறுத்தார். காரில் மாட்டியிருந்ததைத் தவிர வேறு டயரே கிடையாது, அதில்தானே ஊரைவிட்டுக் கிளம்பினோம் என்றார்.

"படத்தால்தானே பசி தீர்ந்தது?" என்பார்கள். உண்மைதான். பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. முகாமில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் இந்தக் குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது.

லாங் திருடியும் அல்ல. அரசாங்கச் சம்பளத்துக்கு எடுத்த படம். உரிமைத்தொகை அவருக்கும் இல்லை. ஆனாலும் வயது 32 என்று கேட்டு எழுதிக்கொண்டவருக்குப் பெயரைக் கேட்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

1983-ல் அந்த அம்மா நோயில் விழுந்தபோது, வைத்தியச் செலவுக்குப் பிள்ளைகள் ஊராரிடம் கையேந்தினார்கள். 1998-ல் அரசாங்கம் அதே முகத்தைத் தபால்தலையாக விற்றது. இதற்குப் பெயர் மரியாதையா?

ஊருக்கு உபதேசம் சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. வேலையில் இருந்தபோது வறட்சி அறிக்கைக்காக ஒரு பாட்டியைக் காலிக் குடத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்தேன். படம் இன்னும் பீரோவில் இருக்கிறது. பின்பக்கம் என் கையெழுத்தில் 'பயனாளி' என்று இருக்கிறது. பெயர் இல்லை.

இப்போது எல்லார் கையிலும் கேமரா. எடுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் போனைப் பையில் வையுங்கள்.