ஒரு நாளைக்கு ஒரு சதுரம்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு துணிப்பை இருக்கிறது. பாட்டியின் பழைய சேலைகளை வெட்டி நான் தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை அதற்குள் பாதியில் கிடக்கிறது. சென்ற தீபாவளிக்கே தருவதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. குரோஷே கற்றுத் தோழிக்கு ஒரு பை பின்னினேன். மாக்ரமே முடிச்சுகள் போட்டுச் செடித்தொட்டிக்குத் தொங்கல் செய்தேன். பூத்தையலும் தொடங்கினேன். நூல் வாங்கச் சைனாடவுன், சரிகைக் கரைக்குத் தேக்கா நிலையத்தின் மாடிக் கடைகள், துணிக்கு அராப் ஸ்திரீட் என்று வார இறுதிகள் ஓடின. "இவள் கை சும்மாவே இருக்காது" என்று உறவினர்கள் பாராட்டினார்கள். பாட்டி மட்டும், "என் போர்வை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

உண்மை இதுதான்: இரண்டு வரிசைகளை அளவு தவறித் தைத்துவிட்டேன். பிரித்துத்தான் மீண்டும் தைக்க வேண்டும். புதிய பொழுதுபோக்கில் இன்னும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதால் அது இனிக்கிறது. பழைய வேலையோ நம் தவறைக் காட்டுகிறது. ஒப்படைப்பை எழுதாமல், குறிப்புகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் இது புரியும். சோம்பல் உடனே கண்ணில் படும். சுறுசுறுப்பான தட்டிக்கழிப்பு அவ்வளவு எளிதில் பிடிபடாது.

போர்க்கால வரலாற்றைப் படித்தபோது சாங்கிப் போர்வைகளைப் பற்றி அறிந்தேன். 1942ல் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், தனித்து வைக்கப்பட்டிருந்த தங்கள் கணவர்களுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று தெரிவிக்க வழி தேடினர். கனடாவைச் சேர்ந்த எதெல் மல்வேனி சொன்ன யோசனைப்படி, சதுரத் துணிகளில் தங்கள் பெயரையும் தங்களைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் தைத்தனர். 66 சதுரங்கள் சேர்ந்தது ஒரு போர்வை. அவற்றில் இரண்டு இன்று கேன்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

முழுப் போர்வையையும் எவரும் தனியாகத் தைக்கவில்லை. கையிலிருந்த சதுரத்தை முடித்தார்கள். அந்தப் போர்வை யாருக்காக என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பொழுதுபோக்கைக் கட்டாயம் முடிக்க வேண்டுமா என்று கேட்கலாம். தேவையில்லை. பிடிக்காத குரோஷேயைப் பிரித்து நூலைச் சுற்றி வைத்துவிடலாம். அதுவும் ஒரு முடிவுதான். முடிக்கவும் மாட்டேன், கைவிடவும் மாட்டேன் என்று பையில் ஒளித்து வைப்பதுதான் தவறு. அதிலும் ஒருவருக்கு வாக்குக் கொடுத்த வேலை நம்முடையது மட்டுமல்ல.

பாட்டிக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. எந்தத் துண்டு எந்தச் சேலை என்று சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. சென்ற வாரம் பையைத் திறந்து, தவறிய வரிசைகளைப் பிரித்தேன். பிரித்து முடிக்க ஒரு மாலைப்பொழுதுகூட ஆகவில்லை. அதற்குப் பயந்துதான் பல மாதங்கள் ஓடியிருக்கின்றன! இப்போது இரவு உணவுக்குப் பின் ஒரு சதுரம் தைக்கிறேன். அருகில் அமர்ந்து ஒரு பச்சைத் துண்டைத் தடவிப் பார்த்த பாட்டி, "உன் அப்பாவை முதன்முதலில் பள்ளிக்கூடம் அழைத்துப் போன அன்று கட்டியது" என்றார். இதுவரை எனக்குத் தெரியாத செய்தி.

உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு பை இருந்தால், இன்றிரவு திறந்து பாருங்கள். முழுவதையும் முடிக்க வேண்டாம். ஒரு சதுரம் போதும்.