கடல் கடந்து போகும் பிள்ளைகளுக்கு

1914-ஆம் வருஷத்தில் கும்பகோணத்துக் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடன் பழகிய வங்காள மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ் பெற்ற மஹலனோபிஸ். ஒரு நாள் அவர் ராமானுஜனைப் பார்த்து, இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். தாங்கவில்லை என்றும், மேல்கோட்டை மாட்டிக்கொண்டு சால்வையையும் போர்த்திக்கொண்டு படுப்பதாகவும் ராமானுஜன் சொன்னார். மஹலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன! அந்த நாட்டு வழக்கப்படி அவற்றை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பையும் போட்டிருந்தார்கள். கம்பளியை விலக்கி அதற்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

எண்களின் இரகசியங்களைக் கண்ட அந்த மேதைக்கு இந்தச் சிறு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. 1917-ல் அவர் நோயில் விழுந்தார். பல வைத்தியசாலைகளில் இருந்தும் குணமாகாமல் 1919-ல் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32-வது வயதில், சென்னையில் காலமானார். க்ஷயரோகம் என்றே அக்காலத்து டாக்டர்கள் பெரும்பாலும் கருதினார்கள். யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளையெல்லாம் பரிசீலித்து, 1994-ல் வேறு முடிவுக்கு வந்தார். இந்தியாவில் இருந்தபோது ராமானுஜனுக்கு வந்திருந்த சீதபேதியின் விளைவாகக் கல்லீரலில் தங்கிய நோயே அது என்பதும், கண்டுபிடித்திருந்தால் அந்நாளிலேயே அதற்குச் சிகிச்சை இருந்தது என்பதும் அவருடைய முடிவு. நூறு வருஷத்துக்கு முந்திய நோயைப் பற்றி யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால், பிள்ளையின் பழைய வியாதி விவரம் அவனுடைய பெட்டியோடு கூடவே பிரயாணம் செய்ய வேண்டும் என்ற பாடத்தை நாம் இதிலிருந்து தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பழங்கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தால், குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளை வழியனுப்பும் காட்சியைக் காணலாம். பெட்டிக்குள் குக்கர் இருக்கிறது, பருப்புப் பொடி இருக்கிறது, மாவடு இருக்கிறது. தகப்பனார் கடன் வாங்கிக் கட்டிய சம்பளத்துக்கு ரசீது இருக்கிறது. ஆனால், நள்ளிரவில் வயிற்று வலி வந்தால் எந்த எண்ணைச் சுழற்றுவது என்ற சமாசாரம் மட்டும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் படிக்கப் போன பையனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டது. அம்மாவை அழைத்தான். அம்மா பெருங்காயம் கரைத்த மோர் குடிக்கச் சொன்னாள். மறுநாள் வலி அடிவயிற்றின் வலது பக்கம் இறங்கியது; வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. "ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா, கண்ணா?" என்று அம்மா கேட்டதற்கு, "இங்கே அதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் ஆகும் அம்மா, தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டான். மாடியில் குடியிருந்த வேற்று நாட்டு மாணவி ஒருத்தி அவனுடைய முனகலைக் கேட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தாள். குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்தது. பையன் பிழைத்தான். காசு எவ்வளவு கேட்டார்கள் தெரியுமா? ஒரு காசும் கேட்கவில்லை!

பையன் பயந்தது வீண் பயம். ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டனில் படிக்கப் போகும் மாணவர் ஒவ்வொருவரும், விசாவுக்கு மனுச் செய்யும்போதே வைத்தியக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு இது வருஷத்துக்கு 776 பவுன். இதைக் கட்டியவர் அந்த நாட்டுப் பிரஜைகளைப் போலவே பொதுச் சுகாதார ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெறலாம். பல்லுக்கும் கண்ணாடிக்கும் தனிச் செலவு உண்டு. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. அவ்வளவுதான். தகப்பனார் கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. கம்பளி கட்டிலில் இருக்கிறது. பிள்ளை அதன் மேலே படுத்து நடுங்குகிறான்!

மற்ற நாடுகளில் ஏற்பாடு வேறு. ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டு மாணவருக்கென்று உள்ள இன்ஷூரன்ஸ் இல்லாமல் விசா கிடையாது. ஜெர்மனியில் அது இல்லாமல் சர்வகலாசாலையில் பெயர் பதிய முடியாது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். அமெரிக்காவிலே செலவு உண்மையாகவே பெரிது. எந்த ஆஸ்பத்திரி தமது இன்ஷூரன்ஸ் வட்டத்துக்குள் இருக்கிறது, முதலில் கைப்பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவற்றைப் போன முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும். ஆனால் அந்த நாட்டிலும், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைப் பணம் இல்லை என்ற காரணத்தால் அவசர சிகிச்சைப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் உயிர், கணக்கு வழக்கு பிறகு.

இனி எண்களுக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகளில் 112. பிரிட்டனில் 999; அங்கே 112-ம் செல்லும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ஆஸ்திரேலியாவில் 000. நியூஸிலாந்தில் 111. இதே 111-ஐ இங்கிலாந்தில் அழைத்தால், அவசரம் அல்லாத நோய்க்கு யோசனை சொல்லும் இடம் கிடைக்கும். ஒரு நாட்டில் உயிர் காக்கும் எண் இன்னொரு நாட்டில் வேறொன்றாகிறது. ஆகவே ஊருக்கு ஊர் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். பிரிட்டனில் திருடனோ முரடனோ பக்கத்தில் இருப்பதால் வாய் திறந்து பேச முடியாவிட்டால், கைபேசியில் 999-ஐ அழைத்து, சொல்லும்போது 55 என்று அழுத்தினால் போலீஸாருக்கு இணைப்புக் கொடுப்பார்கள். இதைப் பெண் பிள்ளைகள் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த எண்களெல்லாம் அந்தந்த நாட்டுக்குள் நின்று அழைத்தால்தான் பயன்படும். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு 911 என்று அழைத்தால் சிகாகோவில் மணி அடிக்காது. இரண்டு நாளாகப் பெண் பேசவில்லையே என்று தவிக்கும் தாயாருக்கு வேண்டியவை மூன்று எண்கள்: சர்வகலாசாலைக் காவல் அலுவலகத்தின் முழு எண், நாட்டுக் குறியீட்டுடன்; உடன் குடியிருக்கும் ஒருவருடைய எண்; அந்த நாட்டில் உள்ள நமது தூதராலயத்தின் அவசர எண். வழியனுப்புவதற்கு முன்பே இவற்றைக் காலண்டர் பக்கத்தில் எழுதி மாட்டிவிடலாம். மேல்நாட்டுக் கல்லூரிகள் வயது வந்த மாணவரின் உடல்நிலையை அவர் சம்மதமின்றிப் பெற்றோருக்குத் தெரிவிப்பதில்லை. ஆகையால், அவசரத்தில் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று கேட்கும் படிவத்தைப் பிள்ளைகள் காலியாக விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, காகிதம். பழைய வியாதிகள், ஆபரேஷன்கள், ஒவ்வாத மருந்துகள், ரத்த வகை, போட்ட தடுப்பு ஊசிகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் குடும்ப டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மருந்துகளுக்குக் கம்பெனிப் பெயர் போதாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வேண்டும். நாம் இங்கே காய்ச்சலுக்குக் கேட்டு வாங்கும் மாத்திரையின் பெயர் அந்த ஊர்க் கடைக்காரருக்கு விளங்காது. பாரஸெடமால் என்றால் இங்கிலாந்தில் விளங்கும். அமெரிக்காவில் அதற்கே அஸெட்டமினோஃபென் என்று பெயர். இதில் ஓர் அபாயமும் உண்டு. ஜலதோஷத்துக்கு விற்கும் பொடிகள் பலவற்றில் இதே மருந்து கலந்திருக்கிறது. மாத்திரை ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று விழுங்கினால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது.

மாணவர் விடுதிகளில் மூளைக் காய்ச்சல் என்ற பயங்கர நோய் சில சமயம் பரவுகிறது. கடுமையான தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். எல்லாம் ஒருங்கே வரும் என்று காத்திருக்கக் கூடாது. மாநிறத்தவருக்குப் புள்ளிகள் எளிதில் தெரியா. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பார்க்க வேண்டும். இந்நோயில் மணி நேரங்களே கணக்கு. பிரிட்டனில் புதிதாகச் சேரும் 25 வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு இதற்குத் தடுப்பு ஊசி இலவசம். அதற்கும் முதலில் அருகிலுள்ள டாக்டரிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் செய்ய வேண்டிய காரியம் இது.

நோயைத் தவிர வேறு ஆபத்துகளும் உண்டு. குளிருக்காகச் சன்னல்களை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டினால், நிறமும் மணமும் இல்லாத விஷவாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அதைக் கண்டறிந்து மணி அடிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று குடிபுகும் அன்றே பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பியக் கண்டத்திலும் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. நமது கண் பழக்கத்தினால் எதிர்ப் பக்கமே பார்க்கும். நீரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 2024 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டம்மல் ஆற்று அருவியில் இரண்டு இந்திய மாணவர்கள் மாண்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதத்தில் ருஷ்யாவின் வோல்கோவ் நதியில் நமது வைத்திய மாணவர்கள் நால்வரை வெள்ளம் கொண்டுபோயிற்று. காவிரியில் நீந்திப் பழகியவனுக்கும் அந்தக் குளிர்ந்த நீர் புதிது. விழுந்த மாத்திரத்தில் மூச்சு திணறிக் கை கால் விறைத்துவிடும்.

உடம்பைப் போலவே மனமும் நோய்ப்படும். மாலை நான்கு மணிக்கே இருட்டிப் போகும் மார்கழி மாதத்தில், தனி அறையில், கடன் நினைவும் பரீட்சைப் பயமும் சேர்ந்தால் யாருக்கும் மனம் தளரும். பிரிட்டனில் 116 123 என்ற எண்ணில் எந்நேரமும் ஒருவர் காது கொடுத்துக் கேட்பார்; கட்டணம் இல்லை. அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் 988 என்ற எண் இதற்கென்றே இருக்கிறது. இது பலவீனம் அன்று. கால் முறிந்தால் கட்டுப் போடுவது போன்றதே.

சர்க்காரின் கடமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ம் வருஷத்தில் உக்ரேன் யுத்தம் மூண்டபோது, 22,000-க்கும் மேற்பட்ட நமது மக்கள், பெரும்பாலும் மாணவர்கள், தாய்நாடு திரும்பினார்கள். தேசம் பெருமைப்படத் தக்க காரியந்தான். ஆனால் கார்கிவ் நகரத்தில் உணவுப் பொருள் வாங்க வெளியே வந்த நம் மாணவர் ஒருவர் திரும்பவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை. யுத்தத்துக்கு முன்பே, ஜனவரியில், கீவ் தூதராலயம் மாணவர்களைத் தங்கள் விவரங்களைப் பதிந்துகொள்ளுமாறு கேட்டிருந்தது. இருக்கும் இடம் தெரிந்தால் அல்லவா தேடி வர முடியும்? பரதேசத்தில் தவிக்கும் நம் மக்களுக்கு உதவ 2009 முதல் தூதராலயங்களில் ஒரு நிதி இருக்கிறது. குறைகளைப் பதிய 2015 முதல் மதத் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இவற்றைப் பிரயாணம் செய்யும் ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் தாய்மொழியில் அச்சிட்டுக் கொடுத்தால் சர்க்காருக்குப் பெருஞ்செலவு ஆகாது. செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் நோயை நம்மிடம் மறைப்பது பெரும்பாலும் அன்பினால்தான். "அப்பா பட்ட கடன் போதாதா?" என்ற எண்ணமே அவர்கள் வாயை அடைக்கிறது. ஆகையால் விமானம் ஏறுவதற்கு முந்திய இரவு, பெட்டியின் எடையைப் பார்த்த பிறகு, பிள்ளையை உட்கார வைத்து இதை மட்டும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்: "செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் அந்த ஊர் எண்ணை அழை. எங்களுக்குப் பிறகு சொன்னால் போதும்." மாவடு தீர்ந்து போகும். இந்த வார்த்தை நள்ளிரவிலும் நினைவுக்கு வரும்.